முன் சக்கரத்து வால்வு

வண்டியை நிறுத்தும்போது முன் சக்கரத்தில் காற்றடிக்கும் வால்வு நேர் கீழே, தரையைப் பார்த்து நிற்க வேண்டும். அப்படி நிற்கும்வரை முன்னும் பின்னும் உருட்டுவேன். ஒற்றை ஆளாகத் தள்ளினால் மூச்சு வாங்கும் வண்டி அது. பெரம்பலூரில் எங்கள் தெருக்காரர்கள் நான் ஏதோ சாஸ்திரம் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். சாஸ்திரமும் இல்லை, சம்பிரதாயமும் இல்லை. சாயங்காலம் வேலை விட்டு வரும்போது வால்வு இடம் மாறியிருந்தால், நான் இல்லாத நேரத்தில் எவனோ வண்டியில் கை வைத்திருக்கிறான் என்று அர்த்தம். அவ்வளவுதான்.

நான் யாரையும் சட்டென்று நம்புகிறவன் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. என் அப்பா பண்ணை வேலை செய்தவர். ஊரான் மாட்டைக் குளிப்பாட்டி, ஊரான் வயலுக்குத் தண்ணீர் கட்டியவர். வாழ்க்கையில் அவர் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் ஒரு சைக்கிள். அதைக்கூடப் பண்ணைக்காரர்கள் குடியிருந்த பெரிய தெருவில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார். ஒருநாள் ஏதோ நினைப்பில் ஏறி மிதித்துப் போய்விட்டார். மறுநாள் காலையில் சைக்கிள் பண்ணைக் கிணற்றுக்குள் கிடந்தது. யார் போட்டது என்று ஊருக்கே தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. அப்பா கிணற்றில் இறங்கி அதை எடுத்து வந்து துடைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். நம்மிடம் நல்ல பொருள் ஒன்று வந்தால் அதை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு அன்றைக்கு வந்தது, பிறகு போகவே இல்லை.

எனக்கு அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை. மின்சாரப் பிரிவு. தினமும் ஆலை பஸ்ஸில் போய் வருவேன். பைக் ஞாயிற்றுக்கிழமைக்கும் நீண்ட விடுமுறைக்கும் மட்டும். நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த பெரிய வண்டி. இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, முன்னால் காற்றைத் தடுக்க உயரமான கண்ணாடி, ஒருமுறை நிரப்பினால் கன்னியாகுமரி வரை யோசிக்காமல் போகலாம் என்கிற அளவுக்கு டேங்க். கோயம்புத்தூரில் ஒருவர் ஓட்டிச் சலித்ததை வாங்கினேன். வாங்கும்போதே அவர் ஏன் விற்கிறார் என்று பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் வாங்கினேன்.

பெரிய வண்டியை வாங்குவது ஒரு வேலை, வைத்துக்கொள்வது ஒன்பது வேலை. அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் ஓடும். ஒரு தடவை போய் வந்தால் சங்கிலி வெள்ளை பூத்துவிடும். அந்தத் தூசியை அப்படியே விட்டால் பல் சக்கரத்தைத் தின்றுவிடும். மண்ணெண்ணெயும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியாகத் தேய்ப்பேன். ஆயில் வாங்கினால் சீல் உடைந்திருக்கிறதா என்று கடைக்காரன் முகத்துக்கு நேரே பார்ப்பேன். காலி டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் குப்பையில் எறிவேன். இல்லாவிட்டால் அதில் மட்டமான ஆயிலை ஊற்றி வேறு எவன் தலையிலாவது கட்டிவிடுவார்கள். பெட்ரோல் பாடாலூரில் ஒரு பங்கில் மட்டும்தான். மற்ற பங்குகளில் அடித்தால் இன்ஜின் சத்தம் எனக்கு வேறு மாதிரி கேட்கும். திருச்சியில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். "சார், போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்" என்பார். அவர் அப்படிச் சொன்னால் நான் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

நான் மட்டும்தான் சந்தேகப்படுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என்னைப் பார்த்தும் எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். சிக்னலில் நின்றால், டீக்கடையில் நின்றால், சோதனையில் போலீஸ் கை காட்டினால், முதல் கேள்வி ஒன்றுதான். "இது யாரு வண்டி?" உங்க வண்டியா என்று கேட்பதில்லை. யாரு வண்டி. என் கறுப்பையும் சட்டையையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முதலாளி வண்டியைக் கழுவ எடுத்துப் போகிறேன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறும்.

போன வருஷம் ஆனி மாதக் கடைசியில் என் மகள் ஒரு சேதி சொன்னாள். அவள் திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவாள். நான் சங்கிலி தேய்த்துக்கொண்டிருந்தபோது வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, எங்க ஆஸ்பத்திரில ஸ்கேன் செக்ஷன்ல ஒருத்தர் இருக்காரு. நம்ம ஆளுங்கதான். திருமழபாடி. எனக்குப் புடிச்சிருக்கு. ஆடி முடிஞ்சதும் அவங்க வூட்ல வந்து பேசுறேன்னாங்க."

நான் பிரஷ்ஷைக் கீழே வைக்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லவரு. நான் பாத்துட்டுத்தான் சொல்றேன். உங்களுக்கு மனசு கேக்காது, வெசாரிச்சுக்குங்க. ஆனா சண்டை கிண்டை போட்டு இதக் கெடுத்துடாதீங்கப்பா. இது நின்னுபோச்சுன்னா நான் வேற யாரையும் பாக்க மாட்டேன்."

கடைசி வாக்கியத்தை அவள் அழுத்திச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. சொன்னால் சொன்னபடி நிற்கிறவள் அவள்.

ஆடியில் யாரும் சம்பந்தம் பேச மாட்டார்கள். பேசத்தான் கூடாது, விசாரிக்கலாம். எங்கள் பக்கம் ஆடி மாதமே அதற்குத்தான் என்று சொல்லலாம். மாப்பிள்ளை ஊருக்குப் போய், யாரென்று சொல்லாமல் டீக்கடையில் உட்கார்ந்து, வேறு ஏதோ பேசுவது போலப் பேசி அந்த வீட்டைப் பற்றித் தெரிந்துகொண்டு வர வேண்டும். பெண் வீட்டை மாப்பிள்ளை வீட்டாரும் இதே மாதிரி விசாரிப்பார்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விசாரித்தது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் அதைப் பற்றிப் பிறகு யாரும் பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கிளம்பினேன். பஸ்ஸில் போகச் சொல்லி என் மனைவி தலைப்பாடாக அடித்துக்கொண்டாள்.

"வேவு பாக்கப் போறவரு வெடி போட்டுக்கிட்டா போவாரு?"

வண்டியை நிற்கவே வைத்திருந்தால் பேட்டரி இறங்கிவிடும் என்றேன். அது உண்மையும்கூட. அவள் உள்ளே போய்விட்டாள்.

திருமழபாடியில் தேரடிக்குப் பக்கத்து டீக்கடையில் நிறுத்தினேன். இறங்குவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. எவ்வளவு மைலேஜ், என்ன விலை, எங்கே வாங்கியது. சாமி கும்பிட வந்தேன் என்றேன். டீ குடித்து முடித்ததும் கடைக்காரர், "நடை சாத்திடுவாங்க, போயிட்டு வாங்க. வண்டிய நான் பாத்துக்குறேன்" என்றார். வேறு வழியில்லாமல் கோயிலுக்குள் ஓடிப்போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வால்வைப் பார்க்க ஓடி வந்தேன். இடம் மாறவில்லை. மறுபடி ஒரு டீ சொல்லிவிட்டு, மெதுவாகப் பேச்சை அந்த வீட்டுப் பக்கம் திருப்பினேன். பையன் குடிப்பானா, யாரோடு சுற்றுகிறான், முன்னால் எங்காவது பேசி நின்றுபோனதுண்டா என்று ஒன்று விடாமல் கேட்டேன்.

"தங்கமான பையன். அவங்க அப்பா பஸ் டிரைவரா இருந்து ரிட்டையர் ஆனவரு. நல்ல மனுசன். ஒரே ஒரு கொறை, யாரையும் லேசுல நம்ப மாட்டாரு."

எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. நான் யாரென்று ஒருவருக்கும் தெரியாமல் காரியத்தை முடித்துவிட்டேன் என்ற திருப்தியோடு வீடு திரும்பினேன்.

ஒரு வாரம் சென்றிருக்கும். ஆலை பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால், வண்டியின் மேல் போட்டிருந்த தார்ப்பாய் ஒரு பக்கம் விலகிக் கிடந்தது. ஆடிக் காற்று என்றாள் மனைவி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும், சரி. ஆனால் நான் போட்ட முடிச்சைக் காற்று அவிழ்க்குமா? குனிந்து பார்த்தேன். வால்வு கீழே இல்லை. நாலு விரற்கடை தள்ளியிருந்தது.

தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருப்பவரிடம் போனேன். அவர் என்னைக் கண்டதும் தானாகவே சொன்னார்.

"அண்ணே, மத்தியானம் ஒருத்தரு வந்தாரு. ஒங்க வண்டியப் பத்தியே கேட்டாரு. எப்ப எடுப்பீங்க, எங்க பெட்ரோல் போடுவீங்க, வேலை என்ன, ஆளு எப்படின்னு. ஞாயித்துக்கெழமை காலையில பாடாலூர் பங்குக்குப் போவாருன்னு சொன்னேன்."

"ஏன் சொன்னீங்க?"

"கேட்டாரு, சொன்னேன். அரியலூர் நம்பர் வண்டில வந்தாருண்ணே."

வீட்டில் சொன்னேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றாள் மனைவி. நான் ஒரு பூட்டு கூடுதலாக வாங்கினேன். ஆக மொத்தம் மூன்று பூட்டு. அதன் மாற்றுச் சாவியை அரிசி டிரம்முக்குள் போட்டேன், அவளுக்குத் தெரியாமல்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே பாடாலூர் போனேன். பெட்ரோல் போட்டுவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தி, காற்றடிக்கும் இடத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பழைய வண்டி வந்தது. அரியலூர் நம்பர். ஹெல்மெட்டைக் கழற்றியவருக்கு அறுபது வயது இருக்கும். அரைக்கைச் சட்டை, முள்ளுமுள்ளாக நரைத்த மீசை. நேராக என் வண்டியிடம் போனார். சங்கிலியை விரலால் தொட்டு மோந்து பார்த்தார். டயரை அமுக்கினார். செல்போனில் படம் எடுத்தார். பிறகு பெட்ரோல் போடும் பெண்ணிடம் திரும்பிக் கேட்டார்.

"ஏம்மா, இது யாரு வண்டி?"

அவ்வளவுதான். நான் பாய்ந்து போனேன்.

"என் வண்டிதான்யா! என்னா வேணும் ஒனக்கு? வூட்டு வரைக்கும் வந்து மோப்பம் புடிச்சியே, அது பத்தலியா?"

லாரி டிரைவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். அந்த மனிதர் முகம் வெளுத்துப்போனது. "கோவப்படாதீங்க. வண்டி நல்லா இருந்துச்சு, அதான் பாத்தேன்" என்றார். யார், எந்த ஊர் என்று கேட்டேன். சொல்லவில்லை. நாலு தடவை கேட்டும் சொல்லவில்லை. பேர் சொல்லாதவன் திருடன்தான் என்று கூட்டமே முடிவு செய்துவிட்டது. யாரோ சிரித்தார்கள். யாரோ ஒருவன் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். நான் அவர் வண்டிச் சாவியைப் பிடுங்கி, பங்குக்குப் பின்னாலிருந்த கருவேல முள்ளுக்குள் வீசி எறிந்தேன். திரும்பிப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினேன். கண்ணாடியில் அவர் முள்ளுக்குள் குனிந்து தேடுவது தெரிந்தது.

ரொம்ப நாளைக்குப் பிறகு மனது லேசாக இருந்தது. அப்பாவின் சைக்கிளைக் கிணற்றில் போட்டவனையே பிடித்துவிட்ட மாதிரி இருந்தது. வீட்டில் ஒன்று விடாமல் சொன்னேன். மகள் மட்டும், "பாவம்ப்பா, வயசானவருன்னு வேற சொல்றீங்க" என்றாள்.

ஆவணி பிறந்து முதல் நல்ல நாளில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வாசல் தெளித்து, கோலம் போட்டு, மனைவி உள்ளே கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். நான் புது வேட்டியில் கேட்டருகே கை கூப்பி நின்றேன். கார் நின்றது. முதலில் பையன் இறங்கினான், பிறகு அவன் அம்மா. மூன்றாவதாக முள்ளுமுள்ளாக நரைத்த மீசை இறங்கியது.

என் கை கூப்பியது கூப்பியபடி நின்றுவிட்டது. மகள் சொன்னது மட்டும் காதில் கேட்டது. இது நின்னுபோச்சுன்னா.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார்.

"வணக்கங்க. வூடு கண்டுபுடிக்கச் செரமமே இல்ல" என்றார்.

உள்ளே உட்கார்ந்தார்கள். அவர் கேசரி சாப்பிட்டார். காப்பி குடித்தார். என் மகள் வந்து வணங்கியபோது, "நல்லாரும்மா" என்றார். பாடாலூரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் வாய் திறக்கும்போதெல்லாம் நான் கேசரித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு எழுந்து போகத்தான் வந்திருக்கிறார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

டம்ளரை வைத்துவிட்டு, "வண்டிய ஒரு தடவ பாக்கலாங்களா?" என்றார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் போர்டிகோவுக்கு வந்தோம்.

எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. "சாவி கெடைச்சுதுங்களா?" என்றேன்.

"கெடைச்சுது. முள்ளும் கெடைச்சுது" என்று ஆள்காட்டி விரலைக் காட்டினார்.

"மன்னிச்சிடுங்க. இன்னார்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"வெசாரிக்க வந்தவன் பேரச் சொல்லிட்டு வெசாரிக்க முடியுங்களா? திருமழபாடில நீங்க சொன்னீங்களா?" அவர் சிரிக்கவில்லை. "எங்க ஊருக்கு இப்படி ஒரு வண்டி வந்ததே இல்ல. நீங்க ரெண்டாவது டீ குடிக்கறதுக்குள்ள எனக்குச் சேதி வந்துடுச்சு. என் மவனப் பத்திக் கேட்டா பொண்ணு வூட்டுக்காரராத்தான் இருக்கணும். எப்படிப்பட்ட ஆளு இவரு, எரவல் வண்டில வந்து பவுசு காட்டுறாரா, இல்ல வேற எதாவது தொழிலான்னு எனக்குத் தூக்கம் வரல. பொண்ணப் பத்தி நான் யாருகிட்டயும் ஒரு வார்த்த கேக்கலைங்க. என் மவன் சொன்னான், அது போதும். நான் வெசாரிச்சது ஒங்களத்தான்."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. மகள் சொல்லியும் போதாமல் அந்த டீக்கடையில் அவர் மகனைப் பற்றி நான் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"அன்னைக்கு நீங்க பாஞ்சு வந்தீங்க பாருங்க, அப்பத்தான் நம்பிக்கை வந்துச்சு. சொந்தக்காரனுக்குத்தான் அந்தக் கோவம் வரும்" என்றார். பிறகு கையை நீட்டினார். "ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டுங்களா?"

அந்தச் சாவியை நான் யார் கையிலும் கொடுத்ததில்லை. மூன்று பூட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். அவர் பொறுமையாக நின்றார். "நான் ஓட்டுன பஸ்ஸுக்குக்கூட இத்தன பூட்டு இல்லைங்க" என்றார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். முதல் திருப்பத்திலேயே ஆள் தெரியவில்லை.

ஒரு ரவுண்டு என்றால் நாலு ரோடு சந்திப்பு வரை போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரம் ஆனது. அதற்கு மேலும் ஆனது. உள்ளே பேச்சு ஓய்ந்துவிட்டது. பையன் போன் போட்டான். அது எங்கள் வீட்டு சோபாவிலேயே அடித்தது. போனை ஏன் விட்டுவிட்டுப் போனார் என்று என் மனது உடனே கேட்டது. பெண்டாட்டி பிள்ளையை என் வீட்டில் உட்கார வைத்துவிட்டு ஒருவர் வண்டி திருடுவாரா என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். பதில் சொன்ன பிறகும் கேட்டை விட்டு நகர முடியவில்லை. விழுந்து கிழுந்து வைத்திருந்தால்? பெரிய வண்டி, பழக்கமில்லாத கை. கல்யாணப் பேச்சு அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

பட்டுப்புடவையோடு மகள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"வர மாட்டாருன்னு நெனைக்கிறீங்களாப்பா?"

"சேச்சே."

"நான் அவரப் பத்திச் சொன்ன அன்னைக்கும் நீங்க இப்படித்தான் ரோட்டப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. என் மொகத்தப் பாக்கல."

அவள் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தேவலை. நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். அழுதுவிடுகிற முகமாக இருந்தது. அப்போது தூரத்தில் என் வண்டிச் சத்தம் கேட்டது.

அவர் தலைமுடியெல்லாம் காற்றில் கலைந்து வந்து சேர்ந்தார். முகம் பூராவும் சிரிப்பு.

"கோச்சுக்காதீங்க, லேட்டாயிடுச்சு. பாடாலூர் வரைக்கும் போயிட்டேன்."

"பாடாலூரா? எதுக்குங்க?"

"அந்தப் பங்குலதான். அன்னைக்குச் சிரிச்ச பசங்க அங்கதான் நின்னானுங்க. பெட்ரோல் போடுற பொண்ணு என்னயப் பாத்துட்டுப் பதறிப்போயி, ஐயா இது யாரு வண்டி எடுத்துட்டு வந்துட்டீங்கன்னு கேட்டுச்சு." அவர் ஹேண்டிலைப் பிடித்தபடியே சொன்னார். "எங்க சம்பந்தி வண்டிம்மான்னு சொல்லிட்டு வந்தேன்."

என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் கேட்டை அகலத் திறந்து பிடித்துக்கொண்டேன். அவர் வண்டியைப் போர்டிகோவில் ஏற்றினார். ஸ்டாண்டைப் போடப் போனவர் நின்று, முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு வேட்டியை இடுக்கிக்கொண்டு வண்டியைக் கொஞ்சம் முன்னால் உருட்டினார். கொஞ்சம் பின்னால் உருட்டினார். வால்வு நேர் கீழே வந்ததும் நிறுத்திவிட்டு, சாவியை என் கையில் வைத்தார்.

"அன்னைக்குத் தார்ப்பாய அவுத்தப்ப வால்வு நேர் கீழ நின்னுச்சு. நான்தான் உருட்டிப் பாத்து மாத்தி வெச்சிட்டுப் போயிட்டேன். வூட்டுக்குப் போன பொறவுதான் ஒறைச்சுது. சரியா இருக்கா சம்பந்தி?"

"சரியா இருக்குங்க சம்பந்தி" என்றேன்.

அவர் உள்ளே போனார். நானும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனேன்.